எட்டு இல்லாத இருபத்து நான்கு நாட்கள்

வடகவுஞ்சி,
11.2.2024

அன்புள்ள தேவசேனாவுக்கு,

நானும் உன் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். இங்கே இன்னும் உறைபனி விடவில்லை. காலையில் பூண்டு வயல் வெள்ளையாகக் கிடக்கிறது. கப்பலில் பிடித்த இருமல் உனக்கு முற்றிலும் போய்விட்டதா? கோவாவின் புழுக்கம் ஒத்துக்கொள்கிறதா?

நீ கேட்ட பதிவேட்டின் நகலைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெருமாள்மலையில் இப்ராம்சா பாய் கடையில் எடுத்தேன். "என்ன சார், பக்கம் பூரா ஐஸ் ஐஸ்னு இருக்கு, பேக்டரி வச்சிருந்தீங்களா?" என்றார். 1993-இல் தென்துருவக் கரையில் ஒரு முகாமில் குளிர்காலம் முழுவதும் இருந்தேன், உறைந்த கடல்மேல் தினமும் நடந்து போய்ப் பனிக்கட்டி எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்தேன் என்று சொன்னேன். நம்பினாரோ என்னவோ, ஒரு பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரை 201 நாள். பனிக்குள் நட்ட கம்பத்தில் பனியின் தடிமன், துளை வழியே அடியிலுள்ள கடல்நீரின் வெப்பம். இவை இரண்டும்தான். முப்பது வருடமாக யாரும் இதைக் கேட்கவில்லை. உன் ஆராய்ச்சிக்குப் பயன்படுமா என்று எனக்குச் சந்தேகம்தான். பயன்படாவிட்டால் தயங்காமல் சொல்.

காது மந்தமாகிவிட்டதால் போனில் எனக்குப் பேச வருவதில்லை. கடிதமே எழுது.

அன்புடன்,
மாமா பொன்னுவேல்

•

கோவா,
2.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். இருமல் போயே போய்விட்டது. அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? வெயில் காலத்திலாவது இறங்கி நடக்கிறார்களா?

மாமா, பயன்படுமா என்றா கேட்டீர்கள்? அந்தப் பகுதியில் அந்த வருடம் வேறு யாருமே தினமும் அளக்கவில்லை. கடல்பனி எப்படி வளர்ந்தது என்று நாங்கள் தயாரிக்கும் நீண்டகால வரிசையில் 1993 வெறும் ஓட்டையாக இருந்தது. இப்போது உங்கள் பெயரால் நிரம்பியிருக்கிறது.

இன்னொன்று. உப்புக் கடல் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளரும் பனிக்கு அடியில் நீர் அங்கேயே நிற்கும். உங்கள் ஏட்டிலும் பக்கம் பக்கமாக 1.8 தான். ஆனால் ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை இருபத்து நான்கு நாள் மட்டும் அது நிலைகொள்ளவே இல்லை. ஒரு நாள் 1.7, மறுநாள் 1.9. பனிக்கு அடியில் வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வந்து வந்து போயிருக்கிறது! இதற்கு இதுவரை எவரிடமும் சான்று இல்லை. செப்டம்பர் முடிவுக்குள் கட்டுரையை அனுப்பப் போகிறேன்.

இடிக்கிற விஷயம் ஒன்றுதான். சூடான நீர் வந்தால் பனி வளர்வது குறைய வேண்டும். அந்த நாட்களில் தினம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து 116-க்கு வந்திருக்கிறது. ஜூலை 13 அன்று திடீரென்று 110. ஓரத்தில் நீங்கள் "அளப்பவரின் பிழையாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்ன நடந்தது மாமா? எதுவானாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
தேவசேனா

•

வடகவுஞ்சி,
9.4.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை சிவபாக்கியமும் நலம். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? பழனியில் வெயில் ஏறிவிட்டது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். மதியத்தில் வெளியே போகாதீர்கள்.

உங்கள் மகள் எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். வாசித்துப் பெருமைப்படுங்கள். அவள் கேட்கும் நாட்கள் எவை என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நிமோனியா வந்து முகாம் மருத்துவர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றாரே, அந்த இருபத்து நான்கு நாட்கள். ஜெனரேட்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு எனக்காகக் கடல்மேல் போய் அளந்து வந்தவர் நீங்கள். துண்டுச்சீட்டில் கொண்டுவந்ததை நான் படுத்தபடியே ஏட்டில் நல்ல கையெழுத்தில் ஏற்றினேன். அளந்தவர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டேன். பயிற்சி பெற்றவர்தான் அளக்க வேண்டும் என்பது விதி. மாற்றி எழுதினால் பதிவையே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அது தவறு. கண்டுபிடிப்பு என்று ஒன்று இருந்தால் அது உங்களுடையது. மகள் தேடிய நீரோட்டத்தை அப்பா அளந்திருக்கிறார்! உங்கள் பெயரைச் சொல்லி அவளுக்கு எழுத அனுமதி கேட்கிறேன். அந்த நாட்களில் கடலில் ஏதாவது வித்தியாசமாகப் பார்த்தீர்களா என்றும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
பொன்னுவேல்

•

பழனி, அடிவாரம்,
30.4.2024

அன்பு மாப்பிள்ளைக்கு ஜெயமுருகன் எழுதிக்கொள்வது,

எல்லாரும் முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீங்களும் தங்கச்சியும் அப்பிடியே இருக்கணும். சர்க்கரை இருக்கு, நானும் இருக்கேன், யாரு மொதல்ல போறதுன்னு பாப்போம்.

லீவு விட்டதுல நம்ம லாட்ஜ் நெறஞ்சு வழியுது. ஒரு ரூம்ல பதினோரு பேரு படுக்குறான், கேட்டா "சாமி பாக்க வந்தோம்"ங்கிறான். இந்தச் சோலில கடுதாசி எழுத எங்க நேரம்?

அப்பறம் நீங்க கேட்டது. மாப்பிள்ளை, நேத்து வச்ச கொழம்பே எனக்கு ஞாபகம் இல்ல. முப்பது வருசத்துக்கு முன்னாடி தண்ணி சூடா இருந்துச்சா ஆறி இருந்துச்சான்னா என்னத்தச் சொல்ல? நான் அந்த வருசம் பாத்ததெல்லாம் டீசலும் கிரீசும்தான். என் பேரு கீரு ஒண்ணும் வேணாம். மெக்கானிக் அளந்தான்னு தெரிஞ்சா புள்ள வேலைக்குத்தான் கெட்ட பேரு. உங்க பேரே கெடக்கட்டும். எழுதினது எழுதினபடி இருக்குறதுதான் அழகு. அதப் போட்டுக் கிண்டாதீங்க.

தங்கச்சிகிட்டச் சொல்லி மலைப்பூண்டு ரெண்டு கிலோ குடுத்து விடுங்க. இங்க விக்கிறதுல காரமே இல்ல.

ஜெயமுருகன்

•

வடகவுஞ்சி,
9.5.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் நலத்தை எப்போதும் வேண்டுகிறேன். பூண்டு, பால் வண்டி மயில்சாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இதை எழுத ஆறு நாள் தயங்கினேன். உங்கள் கடிதத்தைச் சிவபாக்கியத்துக்கு வாசித்தபோது லாட்ஜ் பேச்சு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே, "எங்கண்ணன் லாட்ஜுல ஏழாம் நம்பர் ரூமுக்கு அடுத்தது ஒம்போது. எட்டே கெடையாது. வண்டி நம்பரக் கூட்டுனா எட்டு வருதுன்னு ரெண்டு மாசம் எடுக்காமப் போட்டு வச்ச ஆளு" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்துபோய் மூல ஏட்டை எடுத்தேன்.

நான் அளந்த நாட்கள் 177. அவற்றில் 139 நாள் நீரின் வெப்பம் மைனஸ் 1.8. நீங்கள் அளந்த நாட்கள் 24. அவற்றில் ஒரு நாள்கூட 1.8 இல்லை. பனியின் தடிமன் 97-க்கு மறுநாள் 99. 107-க்கு மறுநாள் 109. இருபத்து நான்கு நாள் வரிகளில், தேதியைத் தவிர, எட்டு என்ற எண் எங்கேயும் இல்லை. நான்கு தடவை எண்ணினேன். கடலுக்கு எட்டு பிடிக்காமல் போகாது.

நான் தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். தவறாகவே இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். மற்றவர் மேல் சந்தேகப்படும் உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. நிஜமாகப் போய் அளந்தீர்களா? ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பொன்னுவேல்

•

வடகவுஞ்சி,
24.6.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நலமா? இங்கே சாரல் பிடித்துவிட்டது. சிவபாக்கியத்துக்கு முட்டிவலி சற்றுக் கூடுதல், வேறு குறை இல்லை. என் கடிதம் தவறிப்போயிருக்குமோ என்று நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தேவசேனாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவள் உங்கள் மகள். நீங்களே சொல்வதுதான் முறை என்று காத்திருக்கிறேன். செப்டம்பரில் கட்டுரை போய்விட்டால் இல்லாத நீரோட்டம் ஒன்று உலகத்துக்கு உண்டாகிவிடும். அவள் பெயர் கெட்டுவிடும். தயவுசெய்து விரைவாகச் சொல்லிவிடுங்கள்.

பொன்னுவேல்

•

கோவா,
15.7.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முட்டிவலி கூடிவிட்டது என்று அப்பா சொன்னார். மருத்துவரிடம் காட்டவும்.

போன வாரம் அப்பா இங்கே வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் நோயில் படுத்திருந்ததையும், பதிவில் இடைவெளி விழக்கூடாது என்று படுக்கையிலேயே எண்களை இட்டுக்கட்டி எழுதியதையும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியதையும். நான் நம்பவில்லை. பதிவேட்டை மறுபடி பார்த்தேன். அந்த இருபத்து நான்கு நாளும் உங்கள் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் அளந்தவர் பொன்னுவேல்.

என் கடிதத்துக்கு நீங்கள் மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கும் காரணம் இப்போது புரிகிறது.

கட்டுரையை நிறுத்திவிட்டேன். 1993 முழுவதையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். இருபத்து நான்கு நாள் இட்டுக்கட்டியவரின் மற்ற நாட்களை எப்படி நம்புவது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. செப்டம்பர் 30-க்குள் வரிசை முடிவாகிவிடும். அதன்பின் எதையும் சேர்க்க முடியாது.

அளவு என்றால் உங்களைப் போல இருக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேவசேனா

•

பழனி, அடிவாரம்,
17.7.2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

உடம்பப் பாத்துக்கங்க. சாரல்ல நெஞ்சு சளி கட்டும் உங்களுக்கு.

புள்ள எழுதியிருப்பா. கோவப்படாதீங்க. உங்க கடுதாசி வந்த நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல. நேர்ல போயி உள்ளதச் சொல்லிரலாம்னுதான் ரயிலேறுனேன். வாசல்லயே "அப்பா, நீங்க சொன்ன பனிக்கடல் கதை கேட்டுத்தானே நான் இந்தப் படிப்பே படிச்சேன்"னு கையப் புடிச்சுக்கிட்டா. வாய் வேற என்னமோ சொல்லிருச்சு.

எனக்கு இருக்குறது அவ ஒருத்திதான். அவ மூஞ்சில முழிக்கணும். உங்களுக்குப் புள்ளையா குட்டியா, யாருகிட்டப் பதில் சொல்லப் போறீங்க? வெறும் நம்பரு. மலை மேல உக்காந்துருக்குற மனுசனுக்கு அதுனால என்ன கொறையப் போகுது? ஊருக்குத் திரும்பி வந்ததும் என் தங்கச்சியவே உங்களுக்குக் குடுத்தேன். எனக்காக இத மட்டும் சுமந்துக்கங்க. தங்கச்சிக்குத் தெரிய வேணாம்.

ஜெயமுருகன்

•

வடகவுஞ்சி,
4.8.2024

அன்புள்ள தேவசேனாவுக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதம் முழுவதிலும் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் கேட்கிறேன்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டில் பழியை ஏற்றுக்கொண்டு எழுதினேன். அது எனக்குச் சுலபம். எதிர்த்துப் பேசுவதைவிடத் தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபம். ஆனால் நான் தலையாட்டினால் மீதி 177 நாளும் பொய்யாகிவிடுகிறது. அவை பொய் இல்லை. ஒவ்வொரு நாளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் போனேன். இடது கையில் இரண்டு விரல்நுனி இன்றும் உணர்ச்சி இல்லாமல் இருப்பது அதனால்தான். என்னை விடு. அந்த வருடம் கடல் அப்படித்தான் உறைந்தது. அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

முதலில் என் குற்றம். அந்த இருபத்து நான்கு நாளும் நான் அளக்கவில்லை. வேறொருவர் கொடுத்த சீட்டைப் பார்த்து என் கையால் எழுதி, அளந்தவர் என்று என் பெயரைப் போட்டேன். அது பொய்க் கையெழுத்து. எழுந்து போன முதல் நாள் எனக்கு 110 வந்தது. முந்தைய நாள் வரி 116 என்றது. சீட்டை நான் சந்தேகப்படவில்லை. என் கையைச் சந்தேகப்பட்டு ஓரத்தில் அப்படி எழுதினேன்.

இனி நீயே பார். அந்த நாட்களில் நீரின் வெப்பத்தில் 1.8 எத்தனை தடவை வருகிறது, தடிமனில் 98-உம் 108-உம் இருக்கின்றனவா என்று எண்ணு. மற்ற 177 நாளிலும் அதேபோல எண்ணு.

நீ பிறந்தது செப்டம்பர் எட்டாம் தேதி. பள்ளியில் சேர்க்கும்போது ஒன்பது என்று எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. என்னிடம் கேட்காதே.

மாமா பொன்னுவேல்

•

கோவா,
26.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிடுகிறேன். நலம் என்று எழுதினால் அது சரியான அளவாக இருக்காது.

எண்ணினேன். பிறகு பழனிக்குப் போனேன். அப்பா மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இல்லாத நீரோட்டத்துக்கு நான் ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். அதையும் கட்டுரையையும் அழித்துவிட்டேன். 1993 மறுபடி வரிசையில் சேர்ந்துவிட்டது. 177 நாள், அளந்தவர் பொன்னுவேல். ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை வெற்றிடம்.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஏப்ரலிலேயே "நான் அளக்கவில்லை" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அப்பா என்னிடம் பொய் சொல்ல வேண்டிய நாளே வந்திருக்காது. நீங்கள் அவருக்கு அவகாசம் கொடுத்தீர்கள். அவர் அதை இப்படிப் பயன்படுத்தினார்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தேவசேனா

•

வடகவுஞ்சி,
12.10.2024

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் உடல்நிலை சீராக இருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

சிவபாக்கியத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை நான் மறைத்து வைத்த இடம் சரியில்லை. வாசித்துவிட்டு, "புள்ளையா குட்டியான்னு எழுதிருக்காரு, அது எனக்குந்தானே?" என்று மட்டும் கேட்டாள். கார்த்திகைக்கு அவள் பழனி வருவாள். பிறந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் வரமாட்டேன். இனி எப்போதும் வரமாட்டேன்.

எண்களின் விவகாரம் முடிந்துவிட்டது. மகளிடம் சொன்னதையும் ஒரு தகப்பனின் பயம் என்று சில நாட்களில் என்னால் எடுத்துக்கொள்ள முடிகிறது. என்னால் தாண்ட முடியாதது வேறு.

அந்த இருபத்து நான்கு நாளும் நீங்கள் வெளியே போனீர்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தீர்கள். தாடியெல்லாம் பனி. கையுறை விறைத்திருக்கும். நான் படுக்கையிலிருந்து "எப்படி இருந்தது?" என்று கேட்பேன். "காத்து ஆளையே அறுக்குது சார்" என்பீர்கள். எனக்குக் கொடுத்த ஹார்லிக்ஸில் பாதியை உங்களுக்கு வைத்திருப்பேன். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கச் சொல்லி, உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நான் தேய்த்துவிட்டேன். என்னால் ஒருவர் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று அழுதிருக்கிறேன். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது.

கடலுக்குப் போகவில்லை என்றால், அந்த முக்கால் மணி நேரம் எங்கே இருந்தீர்கள்?

பொன்னுவேல்

•

பழனி,
3.12.2024

ஜெனரேட்டர் ரூம்ல.

மொத நாள் போனேன். வழிக்கயிறு கட்டியிருந்த ரெண்டாவது கம்பம் வரைக்கும் போனேன். கால்மாட்டுல பனி ஒரு சத்தம் குடுத்துச்சு, யாரோ அடியிலேருந்து கதவத் தட்டுற மாதிரி. திரும்பி ஓடியாந்துட்டேன். மறுநாளு வெளிய வந்தா காலு அந்தப் பக்கம் போகல. ஜெனரேட்டர் பக்கத்துல கதகதன்னு இருக்கும். அங்க உக்காந்துதான் எழுதினேன். உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு பனிய அள்ளித் தாடில தேய்ச்சுக்குவேன்.

அன்னைக்கே நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் நெனச்சேன். எண்ணெயத் தொட்டு என் கையப் புடிச்சீங்க. விரலு சூடாத்தான் இருந்துச்சு. தேய்ச்ச உங்களுக்கு அது தெரியாமயா போச்சு? "நெசமாப் போனீங்களா"ன்னு ஒருக்கா கேட்டிருந்தா, வெக்கத்துலயாச்சும் மறுநாள் போயிருப்பேன். இருபத்து நாலு நாளும் நீங்க கேக்கவே இல்ல.

அது உங்க தப்பு மாப்பிள்ளை.

ஜெயமுருகன்